கிடந்த கோலம்: வேனேறிய சைக்கிள் பற்றிய ஓர் ஆய்வு

சைக்கிள் ஆளைச் சுமக்கும். வேன் சுமையைச் சுமக்கும். ஆளைச் சுமக்க வேண்டிய சைக்கிளையே சுமையாக்கி, அந்த ஆளையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சுமக்கும் வேனை எந்த வகையில் அடக்குவது? தொல்காப்பியர் காலத்தில் மாருதி ஆம்னி இல்லாததால் இதற்கு நூற்பா கிடையாது. ஆகவே இந்த ஆய்வு.

சிக்கல் எழுந்த இடம் சிங்கவரம். செஞ்சிக்கு வடக்கே நாலு கிலோமீட்டர் போல. ஒரு ஞாயிறு காலை, ரங்கநாதர் குன்றின் அடிவாரத்தில் நண்பரின் பழைய ஆம்னியை நிறுத்தி, பின்கதவைத் தூக்கி, இரண்டு மலைசைக்கிள்களை இறக்கிக்கொண்டிருந்தோம். டீக்கடை பெஞ்சில் இருந்த பெரியவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஏம்பா, சைக்கிளு ஓடாதா?"

"நல்லா ஓடும் பெரியவரே."

"அப்புறம் எதுக்கு வேன்ல ஏத்திக்கினு வந்தீங்க?"

சென்னையிலிருந்து வருகிறோம், 150 கிலோமீட்டருக்கு மேல், செஞ்சிக்கு ரயிலும் இல்லை என்றேன். தான் வாலிபத்தில் திண்டிவனத்துக்குச் சைக்கிளில் போய் இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டுத் திரும்பியதாகச் சொன்னார். போக வர ஐம்பத்தாறு கிலோமீட்டர். அன்று வாயடைத்துப்போன நான், முறையான மறுமொழியை இங்கே தருகிறேன்.

ஊர்தியை ஊர்தியில் ஏற்றுவது நம் மரபுக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் குதிரைகள் கடல்வழியே வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. "ஏன், குதிரை நீந்தாதா?" என்று துறைமுகத்தில் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் கப்பலில் வந்தும் வருட முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை, லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் ஆளில்லை என்று எழுதிவைத்தார். கியர் சைக்கிளை வாங்கிவிட்டு, அதைத் திருத்தத் தெரிந்த கடையைத் தேடி அலைந்தவர்கள் இந்தப் பத்தியைக் கண்ணீரின்றிப் படிக்க முடியாது.

மலைசைக்கிளுக்கு வந்தால், வேன்தான் முதலில், சைக்கிள் பிறகு. கலிஃபோர்னியாவில் தமால்பைஸ் மலைப்பகுதியில் 1976 அக்டோபர் 21 அன்று முதல் 'ரீபேக்' பந்தயம் நடந்தது. பழைய தடித்த டயர் சைக்கிள்களை டிரக்கில் மேலே ஏற்றிக்கொண்டு போய், மண்பாதையில் கீழே உருட்டிவிடுவதே பந்தயம். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக். இறங்கும் வேகத்தில் அச்சுக்குள் இருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துபோகும். ஒவ்வொரு முறையும் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பெயர். ஆக, ஏறுவது டிரக்கின் வேலை, இறங்குவது சைக்கிளின் வேலை என்பது பிறப்பிலேயே ஏற்பட்ட உடன்படிக்கை. (தமால்பைஸ் என்பது 'தமிழ் பேசு' என்பதன் மரூஉ என்று நிறுவ நண்பர் முயன்றார். அது அங்குள்ள பழங்குடிகளின் சொல் என்று தெரிந்த பிறகும் முயன்றுகொண்டிருக்கிறார்.)

அஃதேல், செஞ்சியை ஆண்ட தேசிங்கு குதிரையை வண்டியிலா ஏற்றினான் எனின், ஏற்றவில்லை. ஆனால் 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையை எதிர்த்துப் போன அவன் திரும்பவில்லை. போகுமுன் சிங்கவரம் பெருமாளிடம் உத்தரவு கேட்டதாகவும், பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும் ஊரில் கதை உண்டு. குதிரை ஏற்கெனவே களைத்திருந்ததைப் பெருமாள் கண்டிருப்பார் என்பது என் துணிபு. மறுப்பவர்கள் சான்றோடு வரட்டும்.

இனி ஏற்றும் முறை. சைவர்கள் மன்னிக்க, இதற்கு வைணவம்தான் கைகொடுக்கிறது. பெருமாளுக்கு நின்ற, இருந்த, கிடந்த என மூன்று கோலங்கள். வேனில் ஏறும் சைக்கிளுக்கும் அவையே மூன்று.

நின்ற கோலம்: இரண்டு சக்கரமும் இருக்க, நிமிர்த்தி நிறுத்திக் கயிற்றால் கட்டுவது. கட்டியவர் கைவிட்ட கணமே அழகாக இருக்கும். முதல் வேகத்தடையில் கோலம் கலையும். இருந்த கோலம்: முன்சக்கரத்தைக் கழற்றி, முன்கவையைப் பலகையில் பூட்டி உட்காரவைப்பது. இதுவே சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் பலகை வேண்டும், பலகைக்கு ஆசாரி வேண்டும், ஆசாரி வருகிறேன் என்று சொன்ன நாளில் வர வேண்டும்.

எஞ்சுவது கிடந்த கோலம். சிங்கவரத்தில் பள்ளிகொண்டிருப்பவரின் கோலமும் அதுவே. பல்லவர் காலக் குடைவரையில், 24 அடி நீளத்தில், பாறையோடு பாறையாகக் கிடக்கிறார். ஆம்னியின் முழு நீளமே பதினோரு அடி. குலுங்காத சுமை என்று நான் கண்டது அந்த ஒன்றுதான். சைக்கிளைக் கிடத்தும்போது இடப்பக்கம் கீழே, வலப்பக்கம் மேலே இருக்க வேண்டும். காரணம், கியர் மாற்றும் கருவி வலப்பக்கம் தொங்குகிறது. அதைத் தாங்கும் சின்ன அலுமினியக் கொக்கி, அடிபட்டால் சட்டம் தப்பித் தான் வளைய வேண்டும் என்றே மெல்லியதாகச் செய்யப்பட்டது. தியாகம் பெரிதுதான். அதன்பின் கியர் மூன்றில் போட்டால் ஐந்தில் விழும்.

பெடலைக் கழற்றுவது தனி நூலுக்குரியது. வலது பெடல் உலகத்தோடு ஒத்துத் திரும்பும். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம். ஒவ்வொரு முறையும் மறந்து, பலங்கொண்ட மட்டும் இறுக்கி, ஸ்பேனர் நழுவி விரல் முட்டியின் தோல் போன பிறகே நினைவு வரும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் இன்னும் நுட்பம். சக்கரம் கழன்றிருக்கையில் யாராவது பிரேக்கை அழுத்திப் பார்த்தால் இரண்டு பேடும் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். பிறகு சக்கரம் உள்ளே நுழையாது. வேனில் ஏறும் எவரும் பிரேக்கை அழுத்திப் பார்ப்பார் என்பது இயற்கை விதி. தடுக்க இடையில் ஓர் அட்டையைச் செருக வேண்டும். மடித்த கல்யாணப் பத்திரிகை அளவாகப் பொருந்துகிறது. வைகாசி, ஆவணியில் தட்டுப்பாடே இல்லை.

செஞ்சி–விழுப்புரம் சாலையை ஒட்டிய மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மும்மூர்த்திக்குக் கோயில் எடுத்ததாக விசித்திரசித்தன் என்ற பட்டப்பெயரால் மகேந்திரவர்மன் கல்வெட்டு வைத்தான். என் நண்பரும் அவ்வழியினர். பட்டை, கொக்கி, ஸ்டாண்டு, பொறுமை ஆகிய நான்கும் இல்லாமல் இரண்டு சைக்கிள், ஹெல்மெட், முட்டிக்காப்பு, ஷூ, காற்றடிக்கும் பம்பு அத்தனையையும் இரண்டு பழைய போர்வைகளில் அடக்கினார். ஒரு பிழை மட்டும் நேர்ந்தது. புளிச்சோற்றுத் தூக்கு முட்டிக்காப்பின் மேல் இருந்தது. போன மழைக்காலத்துக்குப் பிறகு துவைக்காத முட்டிக்காப்பு. மதியம் தூக்கைத் திறந்தவுடன் பாதியை வெளியே வைத்தோம். வந்த நாய் முகர்ந்துவிட்டுப் போய்விட்டது.

சவாரி பற்றியும் சொல்ல வேண்டும். கோட்டைக்குள் ஓட்டவில்லை. அது தொல்லியல் துறையின் காவலில் இருப்பது, 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. படிக்கட்டில் பட்டன் டயர் உருட்டுபவனோடு எனக்குப் பேச்சில்லை. ஏரிக்கரை, மல்லாட்டைக் கொல்லை வரப்பு, பாறை இடுக்கு என ஒன்றரை மணி நேரம் சுற்றினோம். ஏற்றி, இறக்கி, பூட்டி, கழற்றி, மறுபடி ஏற்ற ஆனது இரண்டு மணி நேரம். திருநாதர் குன்றின் பக்கம் ஒரு மேட்டில் முன்பிரேக்கை மட்டும் பிடித்து நான் தலைகுப்புற விழுந்தேன். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சமண ஆசாரியர் சந்திரநந்தியின் கல்வெட்டு அக்குன்றில்தான் உள்ளது. 'ஐ' என்ற எழுத்தின் மிகப் பழைய வடிவங்களில் ஒன்று அதில் இருக்கிறது. நானும் அந்த எழுத்தில்தான் தொடங்கினேன், 'யோ' சேர்த்துக்கொண்டேன்.

மாலையில் எல்லாவற்றையும் கிடந்த கோலத்தில் அடுக்கி முடித்தபோது பெரியவர் வந்தார். கையில் அவர் சைக்கிள். பின்டயர் தரையோடு தரை. கேரியரில் மல்லாட்டை மூட்டை.

"பஞ்சரு. செஞ்சி வரைக்கும் ஏத்திக்கினு போறீங்களாப்பா?"

ஸ்டாண்டு, மட்கார்டு, கேரியர், மணி, மூட்டை: மூன்று கோலங்களில் எதிலும் அது அடங்கவில்லை. நண்பர் கால் மணி நேரம் விசித்திரசித்தம் காட்டிவிட்டு, கடைசியில் என் சைக்கிளை வெளியே இழுத்துப்போட்டார். அவருடையது உள்ளே போயிற்று. பெரியவர் முன்சீட்டில் ஏறினார். அது என் சீட்.

நான் முன்சக்கரத்தை மாட்டி, கல்யாணப் பத்திரிகையை உருவி, பெடலைப் பூட்டி, ஹெல்மெட்டைப் போட்டு நிமிர்ந்தேன். "பார்த்து வாப்பா, நாலு கிலோமீட்டருதான்" என்றார் பெரியவர். சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.