நீலமாகும் சிவப்பு கோஸ்

கேள்வி: ஒரகடத்தில் வேலை பார்க்கும் என் கணவருக்கு ஜெர்மன் பாணி சிவப்பு முட்டைகோஸ் மிகவும் பிடித்துவிட்டது. நான் செய்தால் மட்டும் நீலமாகிவிடுகிறதே, ஏன்?
- ஒரு வாசகி, ஸ்ரீபெரும்புதூர்

பதில்: உங்கள் கைப்பக்குவத்தைச் சந்தேகிக்காதீர்கள், தண்ணீரைச் சந்தேகியுங்கள்! அந்தக் கோஸின் நிறமி ஆந்தோசயனின். புளிப்பைக் கண்டால் சிவக்கும். காரத்தன்மையைக் கண்டால் நீலமாகும். போர்வெல் தண்ணீர் பல இடங்களில் காரத்தன்மை கொண்டது. சீக்கிரம் வேகட்டும் என்று சோடா உப்பு போட்டால் நிறம் இன்னும் கெடும்.

அரைக் கிலோ கோஸை மெல்லியதாக நறுக்குங்கள். அடிகனமான பாத்திரத்தில் வெண்ணெய் உருக்கி ஒரு வெங்காயத்தை வதக்கி, கோஸையும் ஒரு ஆப்பிளின் துண்டுகளையும் சேருங்கள். உடனே 2 மேசைக்கரண்டி வினிகர், 1 மேசைக்கரண்டி சர்க்கரை, உப்பு, 2 கிராம்பு, ஒரு பிரிஞ்சி இலை, கொஞ்சம் தண்ணீர். மூடி, சிறு தீயில் முக்கால் மணி நேரம் வையுங்கள். புளிப்பு சேர்ந்தால் காய் மெதுவாகத்தான் மெத்தென்றாகும், அவசரப்பட வேண்டாம். வினிகர் இல்லையா? புளிக்கரைசல் போதும், நிறம் நிற்கும்.

ஜெர்மானியர்கள் இதை வாத்து வறுவலுடன் சாப்பிடுவார்கள். நமக்குச் சப்பாத்தி இருக்கிறது. உங்கள் ஊர்ப் பக்கம்தான் 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ காரும், 2012-ல் ஒரகடத்தில் டெய்ம்லர் லாரி ஆலையும் வந்தன. வண்டி செய்யக் கற்றுக்கொண்ட ஊர், கோஸ் வேகவைக்கவும் கற்றுக்கொள்ளட்டும். மறுநாள் சூடுபடுத்திச் சாப்பிட்டால் ருசி இன்னும் கூடும்; கொஞ்சம் அதிகமாகவே செய்யுங்கள்!