சாடியின் ஜாதகம்

கேள்வி: பழம்பொருள் கடையில் ஒரு ஜப்பானிய எனாமல் வெண்கலச் சாடி. "தனியார் சேகரிப்பிலிருந்து வந்தது" என்கிறார் கடைக்காரர். எந்தத் தனியார் என்று கேட்டால் சிரிக்கிறார். நம்பலாமா?
- தேக்கா வாசகி

பதில்: சிரிப்பு ரசீது ஆகாது. நம் சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அரும்பொருளகமே ஏமாந்த கதை உண்டு. 2007இல் 650,000 அமெரிக்க டாலர் கொடுத்து, நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூரின் கடையில் உமா பரமேசுவரி சிலையை வாங்கியது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் சிவன் கோயிலில் களவு போன அம்மன் அவள் என்பது பிறகு தெரிந்தது. 2015இல் இந்தியாவுக்கே அனுப்பி வைத்தார்கள்.

மெய்ஜி காலத்து (1868–1912) எனாமல் சாடிகளில் பெரும்பகுதி ஏற்றுமதிக்காகவே செய்தவை; கோயில் களவு பயம் குறைவு. ஆனாலும் ஜாதகம் பார்க்காமல் சம்பந்தம் பேசாதவர்கள் சாடிக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு தரவேண்டும்? பழைய பில், ஏலப் பட்டியல், சாடி மூலையில் நிற்கும் ஒரு குடும்பப் படம்... ஏதாவது ஒன்றைக் கேளுங்கள்.

கேள்வி: ஜப்பான் சாடி சிங்கப்பூருக்கு எப்படி வந்திருக்கும்? போர்க்காலத்திலா?
- பீஷான் வாசகர்

பதில்: அதற்கு வெகு முன்பே வந்திருக்கலாம். மிடில் ரோடு, ஹைலம், மலாய், மலபார் தெருக்களில் போருக்கு முன் ஜப்பானியர் கடையும் விடுதியும் நடத்தினார்கள். அந்தச் சிறு தெருக்கள் இன்று பூகிஸ் ஜங்ஷனுக்குள் கண்ணாடிக் கூரையின் கீழ் ஏர்கான் வாங்குகின்றன. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போகலாம்.

சாடியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் 'மேட் இன் ஆக்கியுபைட் ஜப்பான்' என்றிருந்தால் அது போர் முடிந்தபின் 1952 வரையிலான சரக்கு. மெய்ஜி என்று சொல்லி விற்பவரிடம் மெதுவாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஜப்பானியர் பிடியில் மூன்றரை வருடம் சியோனான் என்ற பெயரைச் சுமந்த ஊரில் அந்த முத்திரையைப் படிக்க ஒரு தனிச் சுகம் இருக்கத்தான் செய்கிறது.

கேள்வி: வெண்கலமா செம்பா, எப்படிக் கண்டுபிடிப்பது?
- ஈசூன் வாசகர்

பதில்: உள்ளே கைவிட்டுப் பாருங்கள். மெல்லிய செம்புத் தகட்டில் கம்பி ஒட்டி, கண்ணாடித் தூள் நிரப்பிச் சுட்டதென்றால் உட்புறமும் பெரும்பாலும் எனாமல் பூசியிருக்கும். வெளியே மட்டும் பூசினால் தகடு வளையும், எனாமல் வெடிக்கும். வார்த்த வெண்கலத்தில் குழி விட்டு எனாமல் நிரப்பியதென்றால் உள்ளே வெறும் உலோகம்தான், தூக்கினால் கையும் சொல்லும்.

கேள்வி: எல்லாம் சீனாவைப் பார்த்துக் காப்பியடித்ததுதானே?
- கேலாங் வாசகர்

பதில்: தொடக்கம் அப்படித்தான். சாமுராய் குடும்பத்தில் பிறந்து, வருமானம் போதாமல் முலாம் பூசிப் பிழைத்த கஜி சுனேகிச்சி என்பவர் 1830களில் ஒரு வெளிநாட்டு எனாமல் பொருளை உடைத்துப் பார்த்துச் சூட்சுமத்தைப் பிடித்தார். நம் வீட்டில் அதை உடைத்தால் அடி விழும். நகோயா பக்கத்தில் ஒரு தொழிலே பிறந்தது.

சிகரம் தொட்டவர்கள் இரண்டு நமிகாவாக்கள். அண்ணன் தம்பியா என்று கேட்காதீர்கள், உறவே இல்லை. கியோட்டோவின் யசுயுகி கம்பியை மயிரிழையாக இழைத்தார். தோக்கியோவின் சோசுகே, சுடுவதற்கு முன் கம்பியை எடுத்துவிட்டுத் தூரிகை ஓவியம்போல் நிறங்களைக் கலக்கவிட்டார். இருவரையும் 1896இல் அரண்மனைக் கலைஞராக நியமித்தார்கள்.

கேள்வி: புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்குமா?
- செங்காங் வாசகி

பதில்: குத்துவிளக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புளிப்பு எனாமலின் மினுக்கத்தைக் கெடுக்கும், வெண்கலத்தின் பழைய நிறத்தையும் உரிக்கும். அமிலத்தின் வேலையை ஜப்பானியர் நன்றாக அறிந்தவர்கள். 1900 பாரிஸ் கண்காட்சியில் பிரெஞ்சு வேலைப்பாட்டைப் பார்த்து வந்த ஆண்டோ ஜூபேயின் பட்டறையில், செம்பு முழுவதையும் அமிலத்தால் கரைத்து, கம்பியும் எனாமலும் மட்டும் மிஞ்சும் கிண்ணங்கள் செய்தார்கள். உங்களுக்கு உலர்ந்த மெல்லிய துணி போதும்.

கேள்வி: பேரம் பேசலாமா?
- தேக்கா வாசகி, மறுபடியும்

பதில்: தேக்காவில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது? கைபேசி டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். பிசின் வைத்து அடைத்த இடம் மட்டும் மங்கலாகத் தெரியும். அங்கே விரலை வைத்துக்கொண்டு விலையைக் கேளுங்கள்.