இரட்டைக் குழாய் விசாரம்

விஷயப் பிரவேசம்

கல்வியின் பொருட்டுக் கடல் கடந்து செல்லும் மாணவனுக்குப் புதிய நகரத்தைப் பற்றிய முதல் அபிப்பிராயம் எதன் வாயிலாக உண்டாகிறது என்ற வினாவுக்கு, யாத்திரை நூல் எழுதியவர்கள் கோட்டை, கோபுரம், பனி, ஜனங்களின் உச்சரிப்பு முதலியவற்றையே பெரும்பாலும் விடையாகக் கூறிச் சென்றனர். ஸ்காத்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவை எடுத்துக்கொண்டால், அணைந்துபோன எரிமலைப் பாறையின்மீது நிற்கும் கோட்டையும், 251 மீட்டர் உயரமுள்ள ஆர்தர் ஸீட் குன்றும், கடலிலிருந்து புகுந்து தெருக்களை விழுங்கும் 'ஹார்' என்னும் மூடுபனியும் அவர்கள் பக்கம் சாட்சி சொல்லக்கூடும். ஆயினும் இவை யாவும் கண்ணுக்கு விஷயமானவை. வீட்டிலிருந்தபடியே படத்தில் பார்த்துவிடத் தக்கவை. எந்தப் படமும் காட்ட இயலாததாய், வந்து இறங்கியவன் பெட்டியைத் திறக்குமுன்பே தன் தோலால் அறிந்துகொள்வதாய் ஒரு பொருள் உண்டு. அது கை கழுவும் தொட்டியின் இரட்டைக் குழாய். அதனைப் பற்றிய முறையான ஆராய்ச்சி நம் மொழியில் இல்லாத குறையை ஒருவாறு நீக்குவதே இக்கட்டுரையின் பிரயோஜனம்.

இலட்சணம்

எடின்பரோவின் மார்ச்மான்ட் முதலிய பகுதிகளில், விக்டோரியா மகாராணியின் காலத்தில் எழுந்த மணற்கல் அடுக்கு வீடுகளை, மாணவர்கள் இன்று அறைக்கு ஒருவராக வாடகையைப் பங்கிட்டுக்கொண்டு வசிக்கின்றனர். அவ்வகை வீடுகளின் தொட்டியில் இடப்பக்கம் வெந்நீர்க் குழாயும் வலப்பக்கம் குளிர்நீர்க் குழாயும், பாகம் பிரித்துக்கொண்ட பங்காளிகளைப் போல, இரு கோடிகளில் நிற்கும். இரண்டும் குட்டை, இரண்டும் விளிம்போடு ஒட்டியவை, உள்ளங்கை நுழையப் போதிய இடைவெளி இரண்டிலும் இராது. செப்டம்பர் மாதத்தில் வந்து சேர்ந்தவன் ஒன்றைத் திறந்தால் விரல் வெந்துபோகிறது; மற்றதைத் திறந்தால் விரல் இருப்பதே மறந்துபோகிறது. இரண்டையும் ஒருங்கே திறந்து, கைகளை அங்குமிங்கும் விரைந்து ஓட்டினால், மிதமான உஷ்ணம் கணிதத்தில் கிடைக்குமேயன்றி அனுபவத்தில் கிடைப்பதில்லை.

காரண விசாரம்

இதற்குக் காரணம் அந்நாட்டாரின் சிக்கனம் என்பர் சிலர். பழமைப் பற்று என்பர் சிலர். வந்தவர்களைப் பரீட்சிக்கும் உபாயம் என்பர் வெந்த விரலோடு பேசுவோர். இம்மூன்றும் பூர்வபட்சம். உண்மைக் காரணம் கூரைக்கடியில் இருந்தது. பழைய வீடுகளில் குளிர்நீர் தெருவின் பெருங்குழாயிலிருந்து நேரே வந்தது. ஆதலால் அது குடிக்கத் தக்கது. வெந்நீரோ, மேல்தட்டில் வைத்த தொட்டியில் தேங்கிக் கிடந்து, பின்பு காய்ச்சப்பட்டது. மூடி சரியாக அமையாத தொட்டிகளில் புறாவும் எலியும் சமாதி அடைவதற்குத் தடை ஏதும் இருக்கவில்லை. தெருக்குழாயின் வேகம் திடீரென்று தணியும் சமயத்தில், தேங்கிய நீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டு ஊரார் குடிநீரோடு கலந்துவிடலாகாதே என்ற அச்சத்தால், இரண்டும் குழாய்க்குள் தாராளமாகச் சந்திப்பதை நீர் விதிகள் தடுத்தன.

வெந்நீரின் உக்கிரத்துக்கும் நியாயம் உண்டு. 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பழைய போர்வீரர்கள் கூடிய மகாநாட்டில் பரவிய ஒரு நிமோனியா ஜுரத்துக்குக் காரணமான கிருமி, வெதுவெதுப்பான நீரில் செழித்து வளர்வது; அதற்கு அஞ்சியே, சேமித்து வைக்கும் வெந்நீரை 60 டிகிரி செல்ஸியஸ் அளவில் காக்க வேண்டும் என்று இன்று விதித்திருக்கின்றனர். ஆகவே, விரலைச் சுடுவது ஆரோக்கிய சாஸ்திரம்.

இவ்விடத்தில் ஒரு விநோதத்தைக் குறிப்பிடாமல் செல்வதற்கில்லை. பனிக்கட்டியையும் சூடான நீரையும் கலந்து பார்த்து, உஷ்ணத்தின் மறைபொருளை உலகுக்கு விளக்கிய ஜோஸப் பிளாக் என்னும் பேராசிரியர், 1766 முதல் இந்த எடின்பரோ சர்வகலாசாலையிலேயே ரசாயனம் போதித்தவர். ரசாயனத் துறையின் கட்டடம் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. கலப்பின் தத்துவத்தைப் போதித்த ஊரிலேயே அதன் அனுஷ்டானம் கைகழுவும் தொட்டிவரை வந்து சேரவில்லை என்பது ஆராயத்தக்கது.

மதபேதங்கள்

குழாய்களைப் பற்றிய மதங்கள் நான்கு. வெம்மை வேறு, தண்மை வேறு, இவ்விரண்டுக்கும் உள்ள பேதம் நித்தியமானது என்று சாதிக்கும் இரட்டைக் குழாய் துவைதம். ஒரே வாயிலிருந்து ஒரே நீர்தான் வருகிறது, பேதமெல்லாம் கைப்பிடியின் மாயை என்பது அத்துவைதம். 1937இல் பழைய முறைக் குழாயில் கையைச் சுட்டுக்கொண்ட ஆல்பிரட் மோயன் என்னும் அமெரிக்க மாணவர் இம்மதத்தைச் சிந்தித்து, 1947இல் ஒற்றைக் கைப்பிடிக் குழாயாக விற்பனைக்குக் கொணர்ந்தார். தொட்டியின் துளையை அடைத்து, இரு நீரையும் அதில் நிரப்பி, தொட்டி என்னும் ஒரே சரீரத்தில் வெம்மையும் தண்மையும் விசேஷணங்களாக அடங்கும்படி செய்து முகம் கழுவுவது விசிஷ்டாத்துவைதம். அந்நாட்டு முதியோரின் சம்பிரதாயம் இதுவே. இனி, சமையலறைகளில் காணும் ஒருவகைக் குழாய்க்கு வெளியே வாய் ஒன்று; உள்ளேயோ தடுப்பு உண்டு; இரு நீரும் தனித்தனியே ஓடி, வாயை விட்டு வெளிப்பட்ட பின்னரே கூடுகின்றன. ஒன்றாகவும் வேறாகவும் உடனாகவும் நிற்கும் இதனைச் சைவ சித்தாந்தம் என்று துணிவதில் தடையில்லை.

சித்தாந்தம்

இவற்றுள் மூன்றாவது மதம் யுக்திக்குப் பொருந்துமாயினும், தான் கழுவிய அழுக்கிலேயே தன் முகத்தை மீண்டும் கழுவுவது தமிழ் மாணவனுக்குச் சம்மதமாவதில்லை. தேங்கிய நீரில் கழுவுவதை அம்முதியோர் சுத்தம் என்கின்றனர். ஓடும் நீரையே நாம் சுத்தம் என்கிறோம். இரு சாராரும் ஒருவரைக் கண்டு ஒருவர் முகம் சுளிப்பது நியாயமே.

தெருநீரை நேரே காய்ச்சித் தரும் கொதிகலங்கள் பெருகிவிட்ட இந்நாளில், கூரைத் தொட்டி பல வீடுகளில் போய்விட்டது. குழாய்கள் மட்டும் பிரிந்தே நிற்கின்றன. காரணம் மாண்டபின்னும் காரியம் உயிரோடிருப்பது எடின்பரோவுக்கு மட்டும் உரிய குற்றமன்று. நம் வீட்டு வழக்கங்களிலும் கூரைத் தொட்டிகளைத் தேடிச் சென்றால் எத்தனை மிஞ்சும் என்பது ஐயமே. ஆதலால், புதிய ஊரில் அபத்தமாகத் தோன்றும் எதைக் கண்டாலும், நகைப்பதற்கு முன் அதன் மேல்தட்டில் முன்பு என்ன இருந்தது என்று விசாரித்தல் மாணவனுக்கு முதற்கடமை. இரண்டாவது கடமை, ஊறுகாய் ஜாடியைச் சற்றே ஒதுக்கி, பெட்டியில் ஒரு சொம்பை வைத்துக்கொள்வது. வெந்நீரை விளாவிக் குளித்துப் பழகிய சந்ததியாருக்கு, நான்கு மதங்களும் தீர்க்காத விவகாரத்தை அது தீர்த்துவைக்கும்.