காரணம் தைக்கிற கம்பெனி

ஏங் கண்ணு, நீ தாட்டுன வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். நொய்டா இரட்டைக் கொலைக்குக் காரணத்தைக் கண்டுபுடிச்சுப்போட்டயாமா. சிபிஐக்காரங்க டீம் மாத்தி டீம் போட்டும் ஆகாத காரியம்; நீ திருப்பூர்ல பவர் டேபிள்ல உக்காந்துட்டு, டீ டைம்லயே முடிச்சுட்ட. நம்ம வம்சத்துக்கே பெருமை போ. உங்கப்பன் போன பூவுக்குத் தொலைச்ச மம்பட்டி இன்னங் கெடைக்கல, அதையுங் கொஞ்சம் பாரு.

அந்தக் கதை எனக்குந் தெரியுஞ் சாமி. 2008 மே 16ந் தேதி காத்தால ஆருஷிங்கற புள்ள சொந்த வீட்டுக்குள்ள செத்துக் கெடந்துச்சு. பதினாலு வயசு முடிய ஒரு வாரம் இருந்துச்சு, பாவம். வீட்டு வேலைக்காரன் ஹேமராஜைக் காணம். காணம்னா அவந்தானே கொன்னிருக்கோணும்? போலீசு அப்படித்தான் நெனைச்சுச்சு. துப்புச் சொன்னா 20,000 ரூவான்னு அறிவிச்சாங்க. நேபாளத்துக்கு ஆள் தாட்டுனாங்க. கொன்னதுக்கு ஆளாளுக்கு ஒரு காரணம். மக்யா நாளு மொட்டை மாடிக் கதவை ஒடைச்சுப் பாத்தா, ஹேமராஜு அங்கியே பொணமாக் கெடக்கறான். நேபாளம் வரைக்கும் போனவங்க மாடிப்படி ஏறல கண்ணு.

அதோட வாய் அடங்குச்சா? மே 23ந் தேதி பெரிய போலீசு அதிகாரி ஒருத்தரு பத்திரிக்கைக்காரங்களைக் கூட்டிவெச்சு, பெத்த அப்பன்தான் கொன்னாருன்னு, காரணத்தையுஞ் சேத்தே சொன்னாரு. செத்த புள்ள பேரு மட்டும் அவரு வாயில வேற என்னமோன்னு வந்துச்சு. பேரு தெரியாது, காரணந் தெரியும்! துணி வெட்டறதுக்கு முந்தியே லேபிளைத் தெச்சு வெக்கற கம்பெனி உங்கூர்ல இருந்தாச் சொல்லு, அவருக்கு அங்கொரு வேலை வாங்கிக் குடுக்கலாம்.

மொத நாளே வீட்டுக்குள்ள ஊர்க்கூட்டம் பூந்து தடயமெல்லாம் பாழாப்போச்சு. மிதிச்சவனும் காரணஞ் சொன்னான், மிதிக்காதவனுஞ் சொன்னான். சிபிஐயோட மொத டீம் வேலைக்காரங்க மூணு பேரைப் புடிச்சுட்டு வுட்டுச்சு. ரண்டாவது டீம் பெத்தவங்க மேல சந்தேகம்னுச்சு, ஆனா காரணம் வெளங்கல, சாட்சி பத்தலைன்னு 2010 டிசம்பர்ல வழக்கை முடிச்சுக்கறோம்னுச்சு. கோர்ட்டு வுடல. 2013ல பெத்தவங்களுக்கு ஆயுள் தண்டனை. 2017 அக்டோபர் 12ந் தேதி அலகாபாத் ஹைகோர்ட்டு ரண்டு பேரையும் விடுதலை பண்ணிப்போட்டுது. இதெல்லாம் உன்ற மெசேஜுல இல்ல, எனக்கு வருத்தமில்ல. ஆனா மொட்டை மாடிச் செவுத்துல ரத்தத்துல ஒரு கை பதிஞ்சிருந்துச்சே, அது ஆரு கைன்னு கடைசி வரைக்குஞ் சொல்ல முடியல. உன்ற காரணத்துல அந்தக் கைக்கு எடம் எங்கடா?

சரி, டில்லிப் பக்கத்தை வுடு. 2024 நவம்பர்ல பொங்கலூர்ப் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்துல அப்பன், ஆத்தா, மகன்னு மூணு பேரைக் கொன்னுபோட்டாங்க. 2025 மே 1ந் தேதி சிவகிரிப் பக்கம் மேகரையான் தோட்டத்துல வயசான புருசன் பொஞ்சாதி பொணமாக் கெடந்தாங்க. அப்ப நம்ம கொமரலிங்கம் டீக்கடைக்கு நீ வந்திருக்கோணும். வரப்புத் தகராறுல தாராபுரம் கோர்ட்டுக்கு நடக்கறவன் "பங்காளிச் சண்டைதானுங்க"ன்னான். அட்வான்ஸ் குடுத்து ஏமாந்த தோட்டக்காரரு "வேலையவுட்டு நிறுத்துனவன் காட்டுன வேலை"ன்னாரு. சீட்டுல பணம் போன அக்கா "வட்டிக்காசா இருக்கும்"னுச்சு. லைன் வீட்டுல வடக்கத்திப் பசங்க கிட்ட வாடகை வாங்கித் திங்கற மவராசன் "இந்திக்காரனுக"ன்னான். வாடகையக் கொறைப்பானான்னா அது மட்டும் மாட்டான். அவங்கவங்க வெசனத்தைச் செத்தவங்க தலையில எறக்கிவெச்சுட்டு, அக்கவுண்ட்ல டீயை எழுதச் சொல்லிட்டுப் போயிட்டாங்க.

அந்த மே மாசமே போலீசு ஆளுகளைப் புடிச்சுது. ரண்டு எடத்துலயும் ஒரே கும்பல்தான், நகைக்காகத்தான்னு சொல்லுச்சு. திருட்டு நகையை வாங்கி உருக்குனதா ஒரு நகைக்கடைக்காரரையும் புடிச்சாங்க. அது நெசமா இல்லையான்னு கோர்ட்டு சொல்லட்டும். டீக்கடையில ஒருத்தனுக்கும் அது புடிக்கல கண்ணு. "நகைக்கா? அவ்ளோதானா?"ன்னு மூஞ்சி தொங்கிப்போச்சு. நாலு பாகத்துக்குப் படம் எடுக்கலாம்னு இருந்தவங்களுக்கு ஒரு கழுத்துச் சங்கிலி எம்மாத்திரம்?

நகைன்னா ஆரும் பேச மாட்டாங்க, ஏன்னா அதுல பேச ஒண்ணுமில்ல, செய்யத்தான் இருக்குது. தென்னந்தோப்புக்குள்ள ஒத்தை வீடு. பசங்க திருப்பூர்லயும் கோயமுத்தூர்லயும். கெழடு ரண்டு மட்டும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் காவல். கூப்புட்டாக் கேக்கற தூரத்துல ஆளில்ல. அமராவதி வாய்க்காத் தண்ணிச் சத்தந்தான் தொணை. உங்காத்தா கழுத்துல கெடக்கற கொடியை ஊரே அறியும், நோம்பிக்கு நோம்பி அவளே காட்டறா.

கட்டுத்தறி லைட்டு எரிஞ்சு நாளாச்சு. அதைச் சொல்லத்தான் உனக்குப் போன் போட்டா உங்காத்தா, நீ எடுக்கல. கொலையைப் பத்தி ரோசனையா இருந்திருப்ப, தப்பில்ல.

வர்ற ஞாயித்துக்கெழமை ஊருக்கு வரும்போது நல்லதா ஒரு எல்இடி பல்பும், என்ற டார்ச்சுக்கு ரண்டு கட்டையும் வாங்கியா. எதுக்குன்னு கேக்காத. பஸ்ஸு மடத்துக்குளந் தாண்டறதுக்குள்ள அதுக்குங் காரணத்தை நீயே கண்டுபுடிச்சு எனக்கொரு மெசேஜு தாட்டிருவ.