வீட்டோட மாப்பிள்ளை ஈஸ்ட்

வாடா பேராண்டி, குந்து. மோர் குடி. இந்தப் பக்கம் காடை புடிக்க வந்தவனைப் பாத்திருக்கேன், கௌதாரி புடிக்க வந்தவனைப் பாத்திருக்கேன். கண்ணுக்கே தெரியாத ஒண்ணைப் புடிக்கக் கண்ணாடி ஜாடியோட திருக்கழுக்குன்றம் பஸ்ல வந்து எறங்குனவன் நீ ஒருத்தன்தான். காட்டு ஈஸ்ட் வேணுமாம், அதுல பீர் காய்ச்சணுமாம். ஐ.டி. கம்பெனியில அவ்ளோ வேலையா இல்லாம கிடக்குது?

சரி, நீ போன்ல காட்டுனதை எல்லாம் நானும் கேட்டேன். எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன். பீர் கம்பெனிக்காரன் வளக்குற ஈஸ்ட் இருக்குதே, அது வீட்டோட மாப்பிள்ளை. 2016-ல 157 ஈஸ்டை வரிசையா வச்சு ஜாதகம் பாத்தாங்கன்னு சொன்னியே, அதுலயே எல்லாம் வந்துடுச்சு. தலைமுறை தலைமுறையா பார்லிக் கஞ்சியிலயே ஊறிக் கிடந்து, அதுல இருக்குற மால்ட்டோஸ் சர்க்கரையை வளைச்சுக் கட்டித் தின்னப் பழகிடுச்சு. மாமனாருக்குக் கிராம்பு வாசனை ஆகாதுன்னதும் அந்த வாசனையையும் வுட்டுடுச்சு. கோதுமை பீர் காய்ச்சுற ஜெர்மன் மாமனாருக்கு மட்டும் அதுதான் வேணும். அதனால அந்த வீட்டு மாப்பிள்ளை வச்சுக்கிட்டாரு. எல்லாம் சரி, ஆனா பலதுக்கு ஜோடி சேந்து வித்து உண்டாக்கவே மறந்துபோச்சு. வேளாவேளைக்குச் சாப்பாடு, குளுகுளு ரூம்பு. கதவைச் சாத்தி வெளிய தள்ளுனா தெருவுலதான் நிக்கணும்.

லாகர் மாப்பிள்ளைக்கு இன்னும் ஒரு படி மேல உபசாரம். பத்து, பன்னெண்டு டிகிரி குளிர் இருந்தாத்தான் ஐயா வேலைக்கு எறங்குவாரு. கோபன்ஹேகன்ல கார்ல்ஸ்பெர்க் ஆலையில ஹான்சன்னு ஒருத்தர் 1883-ல ஒத்தை செல்லைப் பிரிச்சு, கலப்பில்லாத வம்சமா வளத்துக் குடுத்தாரு. அதுலருந்து ஐயாவுக்குப் பெருமை தாங்கல. கடைசியில 2011-ல குட்டு உடைஞ்சுது. அர்ஜென்டினாவுல படகோனியாக் காட்டு மரத்துல ஒரு ஈஸ்டைக் கண்டுபுடிச்சாங்க. பாத்தா, லாகரோட பாதி ரத்தம் அந்த வழி! பின்னால திபெத்துலயும் அந்தச் சொந்தக்காரங்க கெடச்சாங்க. பெரிய எடத்துப் புள்ளைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சவருக்குத் தாய்வீடு காடுதான்.

இதைக் கேட்டுட்டு, காட்டுலதான் எல்லாம் இருக்குதுன்னு மாமல்லபுரம் சவுக்குத் தோப்புல ஜாடியைக் கட்டித் தொங்கவிட்டுடாதே. அந்த ரோட்டோரம் நிக்குற பனையை அண்ணாந்து பாரு. பாளையைச் சீவிக் கலயம் கட்டுனா வடியுற சாறுல நூத்துக்குப் பத்துப் பங்குக்கு மேல சர்க்கரை. ஈ, எறும்பு, தேனீ எல்லாம் மொய்க்குது. பாளையில ஈஸ்ட், சீவுற அரிவாள்ல ஈஸ்ட், நேத்துக் கலயத்து அடிமண்டியில ஈஸ்ட். கலயத்தைக் கழுவாம மறுபடி கட்டுனா, எறக்கும்போதே நுரை தள்ளிக்கினு இருக்கும். ஆனா அது தனியா வராது கண்ணு. கூடவே பாக்டீரியாக் கூட்டம் வரும். காலையில இனிப்பு, மத்தியானம் கிறுகிறுப்பு, ராத்திரி புளிப்பு, ரெண்டு நாள் போனா காடி. ஹான்சன் ஒத்தை செல்லைப் பிரிச்சதும் இப்படி வேண்டாத காட்டு ஈஸ்ட் கலந்து பீரைக் கெடுக்காம இருக்கத்தான்.

இன்னொண்ணு. அந்த மண்டியில இருக்குறது காட்டானும் இல்ல. இன்னைக்குக் கலயம், நாளைக்குக் கலயம்னு பனையேறி கையிலயே வளந்தது. அதுக்குத் தெரிஞ்சது பனஞ்சர்க்கரை. பார்லிக் கஞ்சியில கொண்டுபோய் வுட்டா, மேலாக இருக்குற லேசான சர்க்கரையைத் தின்னுட்டு மால்ட்டோஸைப் பாத்து முழிச்சாலும் முழிக்கும். நார்வே நாட்டுக் குடியானவனைப் பாரு. பண்ணை பீரு ஈஸ்டை ஒரு மரவளையத்துல தோய்ச்சுக் காயவச்சு, அடுத்த காய்ச்சலுக்கு எடுத்துப் போடுவான். க்வைக்குன்னு பேரு. பனி கொட்டுற ஊரு ஈஸ்ட், 35 டிகிரிக்கு மேலயும் சளைக்காம வேலை செய்யுது. ஏன்னா அந்த ஊருக்காரன் கஞ்சி நல்லா ஆறுற வரைக்கும் காத்திருக்காம, சூட்டோடவே அதை எறக்கிப் பழக்கிட்டான். ஊரு எதுவா இருந்தா இன்னா, வளத்த கை எதுன்னு பாக்கணும்.

பீருன்னா பார்லிதான்னு உனக்கு யாரு சொன்னது? பெரும்பாணாற்றுப்படை கேள்விப்பட்டிருக்கியா? காஞ்சியில இருந்த தொண்டைமான் இளந்திரையன் மேல உருத்திரங்கண்ணனார் பாடுனது. எங்க புலவர் ஐயா நடத்துனப்போ மத்த பாட்டெல்லாம் தூக்கம் வந்துச்சு, இந்த எடத்துல மட்டும் வகுப்பே நிமிர்ந்து குந்துச்சு. வலைஞர் வீட்டுல சரியாக் குத்தாத அரிசியைக் களியாக் கிண்டி, அகல வாய்த் தட்டுல ஆறவச்சு, கரையான் புத்துல இருக்குற புத்தாஞ்சோறு கணக்கா இருக்குற நெல்முளை அடையைக் கலந்து, சாடியில ரெண்டு பகலும் ரெண்டு ராத்திரியும் வச்சு, வெந்நீர்ல விரலால அலசிப் பிழிஞ்சாங்களாம். முளைதானியம், கஞ்சி, நொதி; பீருக்கு வேற இன்னா வேணும்? அதே பாட்டுல நீர்ப்பெயற்றுன்னு ஒரு துறைமுகம் வருது. அது நம்ம மாமல்லபுரம்தான்னு சில பேரு சொல்றாங்க. அந்தக் கடற்கரைப் பட்டினத்துல கள்ளு காய்ச்சுற பொம்பளைங்க வட்டில் கழுவி ஊத்துன தண்ணி சேறாகி, அதுல பன்னி பொரண்டுக்கினு கிடந்துச்சாம். ஈஸ்டுன்னு ஒருத்தன் இருக்கான்னு அந்தப் பொம்பளைங்களுக்கும் தெரியாது, பன்னிக்கும் தெரியாது. வேலை நடந்துச்சு.

இப்ப சட்டத்துக்கு வருவோம். 1987 ஜனவரி 1-லருந்து தமிழ்நாட்டுல கள்ளு எறக்கக் கூடாது. லைசென்ஸ் இல்லாம வீட்டுல பீர் காய்ச்சுனாலும் குத்தம். ஆலையில வேலை செய்யுற ஈஸ்டும் சாக்கரோமைசஸ் வம்சம், மரத்துல வேலை செய்யுற ஈஸ்டும் சாக்கரோமைசஸ் வம்சம். ஒருத்தருக்கு டாஸ்மாக் கடையில அலமாரி, இன்னொருத்தருக்குக் கோர்ட்டுல கேஸ். மாநில மரம்னு பனைக்கு மரியாதை எல்லாம் குடுத்தாச்சு. அது வடிக்கிறதுக்குத்தான் இன்னும் மரியாதை வரல.

அதனால என் யோசனை இதுதான். ஜாடியில ஈஸ்டைப் புடி, ஆனா அரிசி மாவுல வளத்து ஆப்பம் சுடு. ஆப்பம் பொங்குதுன்னு எந்தப் போலீசும் கேஸ் போடாது. வாரா வாரம் அதே மாவுலருந்து எடுத்து எடுத்து வளத்தின்னா, ஈஸ்ட் எப்படிப் பழகுதுன்னு படிச்சுத் தெரிஞ்சுக்காததை நாக்குலயே தெரிஞ்சுக்குவ. பதநீர் குடிக்க ஆசையா, சீசன்ல விடியக்காலையில போய்க் குடி. கலயத்துக்குள்ள சுண்ணாம்பு வெள்ளையாத் தடவியிருக்கான்னு மட்டும் எட்டிப் பாரு. சுண்ணாம்பு இருந்தா ஈஸ்டும் வேலை செய்யாது, பாக்டீரியாவும் வேலை செய்யாது.

சுண்ணாம்பு தடவாத கலயம் எதுனா கண்ணுல பட்டுச்சுன்னா வாயில வச்சுடாதே. சட்டத்துக்கு விரோதம், உத்தியோகம் பாக்குற புள்ள. எந்த மரம்னு என் காதுல மட்டும் மெதுவாச் சொல்லு. பெரியவங்க நாங்க போய் விசாரிச்சுக்கிறோம்.