மார்க்கு பாத்துப் பிடிக்கிற சேக்காளி

வாய்யா மருமகனே, உக்காரு. மகன் எவன்கூடச் சுத்துறான்னு வீடு வீடா விசாரிக்கிறியாமே? நல்லா விசாரி. மொதல்ல அந்தப் பயலோட மார்க்கைக் கேளு. அப்புறம் அப்பன் பாக்குற வேலை. மூணாவதை நேராக் கேக்க மாட்ட, "எந்தத் தெரு தம்பி?"ன்னு சுத்தி வளைப்ப. எல்லாம் தெரியும்யா எனக்கு.

வள்ளுவரு நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்புன்னு அடுத்தடுத்து 5 அதிகாரம், 50 குறள் எழுதி வச்சிருக்காரு. ஆராயாமச் சேராதேன்னுதான் சொல்றாரு. மார்க்கு ஷீட்டை வாங்கிப் பாக்கச் சொல்ல மட்டும் மறந்துட்டாரு, பாவம்.

போன ஞாயித்துக்கெழம மூணு பயலுக உன் வாசல்ல சைக்கிளை நிறுத்துனானுக. நீ ஒருத்தன் தலையப் பாத்து, "என்ன தம்பி, காக்கா கூட்டைக் கலைச்சாப்ல?"ன்னு கேட்ட. பயலுக செருப்பைக்கூடக் கழட்டலை. இப்ப எங்க கூடுறானுக தெரியுமா? மூடிக் கெடக்குற ரைஸ்மில்லுக்குப் பின்னாடி. உன் திண்ணையில இருந்திருந்தா பேச்சாவது காதுல விழுந்திருக்கும். ஒரு தட்டு சீனிக்கெழங்கு அவிச்சு வையி, பாதிச் சேதி தானா வரும். பக்கத்துலயே உக்காந்து "கணக்குல எத்தனை?"ன்னு கேட்டுத் தொலைக்காத. செரமந்தான் உனக்கு.

செல்போனைத்தான் கையில குடுத்துட்டேங்கிறியா? இன்ஸ்டாகிராமுக்கு 13 வயசு ஆகணும்னு கம்பெனிக்காரனே சொல்றான். உன் மகன் அஞ்சாப்பு படிக்கையிலேயே பொறந்த வருசத்தை மாத்திப் போட்டுக் குடுத்தது நீதான. பொய்க்குப் பிள்ளையார் சுழி போட அப்பனைவிட ஆள் ஏது!

உருப்படியா ஒண்ணைப் பாரு. உன் மகன் "நான் வரலைடா"ன்னா அந்தப் பய என்ன செய்றான்? "சரி, நாளைக்குப் பாப்போம்"ங்கிறவனை விட்றாத, முடி எப்படி இருந்தாலும் சரி. பயந்தாங்கொள்ளின்னு கேலி பண்ணி, குரூப்ப விட்டுத் தூக்கி, காசு கேட்டு மெரட்டுறவன் நூத்துக்கு நூறு வாங்குனாலும் வேண்டாம். மெரட்டல் வரைக்கும் போனா 1098-ன்னு நம்பர் இருக்கு. புள்ளைகளுக்குன்னே ராப்பகலா எடுக்குறாக, காசு கெடையாது. மொதல்ல உன்கிட்ட வந்து சொல்லட்டும். சொன்ன ஒடனே "நான் அப்பவே சொல்லலை?"ன்னு ஆரம்பிச்சுராத. அடுத்த தடவ அவன் வாயே தொறக்க மாட்டான்.

அது கெடக்கட்டும். வரப்புல நின்ன ஒத்தப் பனைக்காக உன் சேக்காளிகிட்டப் பேச்சை நிறுத்திட்டு, அவனைக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறியே? உன் மகன் சைக்கிள்ல பின்னாடியே வந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கான். எந்திரி, இன்னிக்குச் சாயங்காலமே போயி அந்தச் சேக்காளிகிட்டப் பேசிட்டு வா.