மடிச்சீட்டுக் கணக்கர்

சென்னை, கோவை போன்ற நகரங்களின் அடுக்கக வீடுகளில், விமானக் கட்டண விதிகளின் ஒரு மூலையிலிருந்து உதித்த தனிவகை மனிதர் ஒருவர் காணப்படுகிறார். இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் தகப்பனாக இருப்பதும், குறைந்த செலவில் வெளிநாடு போய்வரலாமா வேண்டாமா என்று மாதக்கணக்கில் முடிவெடுத்துக்கொண்டே இருப்பதும் அவருடைய அடையாளங்களாதலால், அவரை மடிச்சீட்டுக் கணக்கர் என்று வழங்கலாம். மடிச்சீட்டு என்பது, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை தனி இருக்கையின்றிப் பெற்றோர் மடியிலமர்ந்து பறப்பதற்கான சீட்டு. பன்னாட்டுத் தடங்களில் முழுச்சேவை விமான நிறுவனங்கள் பல, இதற்குப் பெரியவர் கட்டணத்தில் சுமார் 10 சதவீதமே வாங்குகின்றன. இந்தச் செய்தி காதில் விழுந்த நாள்முதல், குழந்தை வளர்வதே மருந்துப் பாட்டிலின் காலாவதித் தேதி நெருங்குவதுபோல் அவருக்குப் படத் தொடங்குகிறது. பல் முளைத்ததென்று வீடே மகிழும்போது அவர் மட்டும் நாள்காட்டியைப் பார்க்கிறார்.

இம்மனப்பாங்குக்கு மரபு உண்டு. பேருந்தில் நடத்துநர் நெருங்கும்போது, மீசை அரும்பிய பிள்ளையைப் பார்த்து, "குனிஞ்சு நில்லுடா, கேட்டா பதினொண்ணுன்னு சொல்லு" என்று கிசுகிசுத்து அரை டிக்கெட் வாங்கிய தகப்பன்மாரின் வழித்தோன்றலே அவர். ஆயினும் கடவுச்சீட்டில் பிறந்த தேதி அச்சாகியிருப்பதால் அந்தப் பழங்கலை விமான நிலையத்தில் எடுபடுவதில்லை. பயணத்தின் நடுவில் இரண்டாவது பிறந்தநாள் வந்துவிட்டால், திரும்பும் வழிக்குத் தனி இருக்கை வாங்க வேண்டும் என்பது பெரும்பாலான நிறுவனங்களின் விதி. இதில் இன்னொரு நுட்பமும் உள்ளது. கணக்கர் பார்ப்பதெல்லாம் மலிவுக் கட்டண விமானங்களையே. அவற்றிலோ மடிக்குழந்தைக்குச் சதவீதக் கணக்கு பார்க்காமல் ஒரே நிலையான தொகை வாங்குவது வழக்கமாதலால், பெரியவர் சீட்டு எவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதோ அவ்வளவுக்கு மடியின் இலாபமும் சுருங்கிப்போகிறது. எந்த நிறுவனங்களின் சலுகையை நம்பிக் கணக்கு தொடங்கினாரோ, அவற்றின் விமானத்தில் ஏற அவருக்கு மனம் வருவதில்லை.

முடிவு எடுக்கப்படாவிட்டாலும் கடவுச்சீட்டு எடுக்கப்பட்டுவிடுகிறது. சிறாருக்கான கட்டணம் ரூ.1,000 என்பதும், எட்டு வயதுக்குட்பட்டோருக்கு அதிலும் 10 சதவீதம் தள்ளுபடி என்பதும் தெரிந்தபின் அவரால் சும்மா இருக்க முடிவதில்லை. பெரியவர்களைக் கடவுச்சீட்டு சேவை மையத்திலேயே படம் எடுத்துக்கொள்வார்கள். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் வெள்ளைப் பின்னணியில் எடுத்த படத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும். கண் திறந்து, வாய் மூடி, தலை நேராக இருக்க வேண்டும் என்கிறது விதி. ஒன்றரை வயதுக் குழந்தையின் இயல்புநிலையை அறிந்தவர் எவரும் இவ்விதியை எழுதியிருக்க வாய்ப்பில்லை. தெருமுனை ஸ்டூடியோவில் வெள்ளை வேட்டியை விரித்து, புகைப்படக்காரர் கிலுகிலுப்பையை ஆட்ட, தாய் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்து குழந்தையின் இடுப்பைப் பிடிக்க, கண் திறந்தால் வாய் திறப்பதும், வாய் மூடினால் தலை சாய்வதுமாக நாற்பது படங்கள் கழிந்தபின் கிடைக்கும் ஒரு படத்தில், குழந்தை கடன் திருப்பித்தராத சிநேகிதனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருக்கும்.

எந்த நாடு என்ற ஆராய்ச்சி அதன்பின் தொடங்குகிறது. சிங்கப்பூருக்கு விசா வேண்டும் என்பதால் அது முதல் சுற்றிலேயே கழிகிறது. 2023 டிசம்பர் முதல் இந்தியருக்கு 30 நாள்வரை விசா விலக்கு அளித்துவரும் மலேசியா, சென்னையிலிருந்து நான்கு மணிநேரப் பறப்பில் இருப்பதால் கணினி அட்டவணையின் முதல் வரியைப் பிடித்துக்கொள்கிறது. அவ்வட்டவணையில் டயபர் எண்ணிக்கைக்கு ஒரு பத்தி உண்டு. நாளொன்றுக்கு ஆறு வீதம் ஆறு நாளுக்கு முப்பத்தாறு. மலிவுச் சீட்டில் கைப்பை 7 கிலோவைத் தாண்டலாகாது என்பதால், சத்துமாவு, பருப்புப் பொடி, நெய்ப்பாட்டில் ஆகியவற்றைச் சமையலறைத் தராசில் தனித்தனியே நிறுத்து, தம் மாற்றுச் சட்டைகளில் இரண்டைத் தியாகம் செய்கிறார். போகும்போது டயபர் அடைத்துக்கொள்ளும் இடம் திரும்பும்போது காலியாகி, சாக்லேட்டுக்கும் கோடாலித் தைலத்துக்கும் பயன்படும் என்ற அவருடைய கண்டுபிடிப்பை எளிதாக ஒதுக்கிவிட முடியாது.

மனைவியின் தரப்பு சுருக்கமானது: "இங்க பண்ற வேலையத்தான் அங்க போயும் பண்ணப் போறேன், மிக்ஸி இல்லாம." இவ்வாதத்துக்கு இன்றுவரை எந்தக் கணக்கரும் விடை கண்டதில்லை. பாட்டியின் எதிர்ப்போ அறிவியல் சார்ந்தது. ஏறத்தாழ மூன்று வயதுக்கு முன் நிகழ்ந்தவற்றைப் பெரும்பாலோர் பிற்காலத்தில் நினைவுகூர இயலாமையை உளவியலார் குழந்தைப்பருவ மறதி என்பர், அக்கலைச்சொல்லைக் கேட்டறியாத பாட்டி, "அவனுக்கு என்னப்பா ஞாபகம் இருக்கப் போவுது?" என்று ஒரே வரியில் அதை நிறுவிவிடுகிறார். "காது குத்துனது மட்டும் ஞாபகம் இருக்குமாம்மா?" என்று கணக்கர் மடக்கினாலும் பாட்டி அசைவதில்லை, கோலாலம்பூருக்கு அருகே பத்துமலையில், 2006இல் நிறுவப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலையின் படத்தைக் கைபேசியில் கண்டபின்பே மனம் இளகுகிறார். "மொத மொட்டைதான் குலதெய்வத்துக்குப் போட்டாச்சே, ரெண்டாவத அங்க போட்டுக்கலாம்" என்று அவர் சொன்ன கணத்தில் சுற்றுலா வேண்டுதலாகிறது. கூடவே, பாட்டிக்கும் ஒரு முழுச்சீட்டு என்பதால் பட்ஜெட் இடிந்துவிழுகிறது. குகைக்கோயிலின் 272 படிகளில் பதினோரு கிலோக் குழந்தையைச் சுமப்பவர் யார் என்னும் கேள்வி அட்டவணையில் புதுப் பத்தியாக ஏறுகிறது.

இவ்வாறு பத்திகள் பெருகப் பெருக, கட்டணம் இன்னும் இறங்கும் என்று செவ்வாய்க்கிழமை நள்ளிரவுகளில் கண்விழித்துக் காத்திருக்க, அது ஏறி, ஒருமுறை இறங்கியபோது குழந்தைக்குச் சளி பிடித்திருக்க, இரண்டாவது பிறந்தநாள் வந்தே விடுகிறது. கேக்கில் கிரீமால் விமானம் வரைந்திருப்பார்கள். அதன் இறக்கையைக் குழந்தை முதலில் தின்னும். ஐந்தாண்டு செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, முத்திரை எதுவும் விழாமல், பீரோவில் பட்டுப்புடவைகளுக்கடியில் போய்ச் சேர்கிறது.

அதற்கும் ஒருநாள் பயன் வாய்க்கிறது. தமிழக அரசுப் பேருந்துகளில் ஐந்து வயதுவரை குழந்தைக்குக் கட்டணமில்லை என்று 2022இல் அறிவிக்கப்பட்டதையும் கணக்கர் குறித்துவைத்திருப்பாராதலால், ஐந்தாவது பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது குடும்பம் பழநிக்குப் புறப்படுகிறது. "பையனுக்கு அஞ்சு வயசு ஆயிருச்சுல்ல சார்?" என்று நடத்துநர் ஐயத்தோடு கேட்கும்போது, இக்கேள்விக்காகவே மூன்றாண்டு காத்திருந்தவரைப்போல், கணக்கர் சட்டைப்பையிலிருந்து கருநீலக் கடவுச்சீட்டை எடுத்து, பிறந்த தேதியுள்ள பக்கத்தைத் திறந்து நீட்டுகிறார். நடத்துநர் படத்தையும் பையனையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "இது இவன்தானா சார்?" என்கிறார்.